செவ்வாய், வெள்ளி டாக்டர் இல்லை

பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தபோது முன்னிலை என்ற சொல்லோடு எனக்கு ஒரு தகராறும் இருக்கவில்லை. பேசுகிறவர் தன்மை, கேட்கிறவர் முன்னிலை, பேசப்படுகிறவர் படர்க்கை. நான், நீ, அவர். அவ்வளவுதான். அதே சொல்லை நர்ஸான பிறகு ஒரு பில்லின் பின்பக்கத்தில் பார்த்தேன். அங்கே அதற்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள்.

அதுவரை இங்கிலீஷில் இருந்த விதிகள் அந்த வருஷம்தான் தமிழில் அச்சாகி வந்தன. எங்கள் ஊரில் மல்லாட்டை என்று சொல்கிற வேர்க்கடலையை உடைக்கும் மில்லுக்கு இன்சூரன்ஸ் கொடுத்திருந்த கம்பெனியின் விதி அது. வேலையின்போது காயம்பட்ட தொழிலாளிக்கு மருத்துவர் முன்னிலையில் அவருடைய பணியாளர் செய்யும் சிகிச்சை, மருத்துவரே செய்ததாகக் கொள்ளப்படும். மருத்துவர் இல்லாத வேளையில் செய்த சிகிச்சை கொள்ளப்படாது. கொள்ளாதவர் யார் என்று அந்த வாக்கியத்தில் இல்லை. செய்தவளும் அதில் இல்லை. கட்டுத்துணியை மடித்துக்கொண்டே அதை இரண்டு முறை படித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் கிளினிக் திண்டிவனத்தில் ரயிலடிக்குப் போகும் சாலையில் இருந்தது. உள்ளே மூன்று பேர்: டாக்டர், கம்பவுண்டர், நான். நான் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துப் பதிவு செய்துகொண்ட நர்ஸ். வாசலில் டாக்டர் பெயர் எழுதிய மரப்பலகை தொங்கும். பெயருக்குக் கீழே ஒரு சின்னச் சட்டம்; அதை இடப்பக்கம் தள்ளினால் 'இருக்கிறார்' என்று தெரியும், வலப்பக்கம் தள்ளினால் 'இல்லை' என்று தெரியும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சட்டம் இடப்பக்கமே இருந்தது. வலப்பக்கம் தள்ளிப் பார்த்தேன். பெயின்ட் ஒட்டிப்போய் நகரவில்லை.

டாக்டருக்கு விழுப்புரத்திலும் ஒரு கிளினிக் இருந்தது. மாமனார் வீட்டு மாடி. செவ்வாயும் வெள்ளியும் காலையிலேயே கறுப்புக் காரில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அந்த நாட்களில் நோயாளிகள் வந்து 'இருக்கிறார்' என்பதைப் படித்துவிட்டு உள்ளே உட்காருவார்கள். டாக்டர் எங்கே என்று கேட்டால் கம்பவுண்டர், "இதோ வந்துடுவாரு, நீ மருந்து வாங்கிக்கினு போ" என்பார். பலகையை ஏன் மாற்றுவதில்லை என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். கடையில் உப்பு தீர்ந்தால்கூட இல்லை என்று சொல்லாத ஊர் இது, ஆஸ்பத்திரி வாசலில் இல்லை என்று எழுதி வைத்தால் விளங்குமா என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருக்கு என்னைவிட இருபது வயது அதிகம். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்தப் பதிலை அவர் மனதார நம்பினார்.

எனக்கு எதையும் வரிசை போட்டு வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. டாக்டர் இல்லாத நாளில் செய்யலாம் என்று நான் எனக்கே வகுத்துக்கொண்டவை: முதல் நாள் அவர் பார்த்துச் சொன்ன புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, அவர் ஏற்கெனவே எழுதிக் கொடுத்த ஊசியை அதே அளவில் போடுவது, காய்ச்சல் பார்ப்பது, தையல் பிரிப்பது. செய்யக் கூடாதவை: தையல் போடுவது, புது ஊசி, புது மருந்து, 'ஒன்றுமில்லை, போய் வா' என்று சொல்வது. கடைசியில் சொன்னதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது என்று படிப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் ஊசியை வெந்நீரில்கூடப் போடாமல் குத்திக்கொண்டிருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் மேற்பார்வை வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பு கிடையாது. விதியை யாராவது வெறுமனே திட்டினால் இன்றும் நான் அவர்களோடு சேர மாட்டேன்.

என் சண்டை வேறு. நான் போட்ட கட்டு பில்லில் டாக்டர் போட்ட கட்டு ஆகும். அது எல்லாக் கிளினிக்கிலும் உள்ள வழக்கம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் என்னிடம் கையை நீட்டுவதற்கு முன்னால் எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்டவர்கள் உண்டு. கேள்வி எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். பதிலைக் கேட்டுவிட்டு, டாக்டர் வரட்டும் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு பெரிய மனிதரை எனக்கு நினைவிருக்கிறது. டாக்டர் வந்தார், பார்த்தார், "நர்ஸ், கட்டிவிடு" என்று என்னையே கூப்பிட்டார். பெரிய மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலை நீட்டினார். பில்லில் அதுவும் டாக்டர் கைதான். காகிதத்துக்கு ஆகிற என் கை, கண்ணுக்கு ஆகவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் மில் அக்கா வந்தார்.

மல்லாட்டை உடைக்கிற மெஷினில் தொலியும் பருப்பும் விழுகிற இடத்தில் அடைத்துக்கொண்டால் கையை விட்டுத் தள்ளிவிடுவார்கள். மெஷினை நிறுத்தித் தள்ள வேண்டும் என்பது முறை. நிறுத்தினால் மேஸ்திரி கத்துவார். அக்கா நிறுத்தாமல் தள்ளியிருக்கிறார். வலது கையில் சுண்டுவிரல் நுனி போய்விட்டது. மோதிர விரலும் நடுவிரலும் கிழிந்து, உள்ளங்கைவரை பிளந்திருந்தது. மில் வண்டியில் கூட்டி வந்தார்கள். முந்தானை முழுக்க ரத்தம், அதன்மேல் மல்லாட்டைத் தூசி.

டாக்டரைப் பற்றி நான் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் அந்தக் கையைத் தைத்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அவசரமே இல்லை. கழுவுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டார். வெட்டி எடுத்துவிடலாம் என்று வேறு யாரும் முடிவு செய்திருக்கக்கூடிய மோதிர விரலைக் காப்பாற்றினார். முடித்துவிட்டு என்னிடம், இனிமேல் இந்தக் கை நீ போடும் கட்டில்தான் இருக்கிறது, ஒரு நாள் தவறினாலும் உள்ளே பழுத்துவிடும் என்றார். ஒரு நாள் தவறினாலும் என்று சொன்னவர் அவர்தான்.

அக்கா தவறவில்லை. தினமும் காலையில் வந்துவிடுவார். நாற்பது வயதிருக்கும். வாய் ஓயாது. பழைய கட்டை நான் ஊறவைத்துப் பிரிக்கும்போது வலியில் உடம்பெல்லாம் விறைக்கும், ஆனால் பேச்சு மட்டும் நிற்காது. மேஸ்திரி நடக்கிற மாதிரி தலையை ஆட்டிக் காட்டுவார். தன் கணவர் இப்போது கேப்பைக் களி கிண்டப் பழகுகிறார் என்றும், அது களியா கூழா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை என்றும் சொல்வார். எந்த ஊர், எந்தப் பக்கம் என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை. ஒருவேளை அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

காயம் ஆற ஆற வேறொரு கவலை வந்தது. மோதிர விரல் மடங்கவில்லை. ஆறிய தோல் இறுகினால் விரல் கட்டை மாதிரி நின்றுவிடும். மெதுவாக மடக்கிப் பழக்க வேண்டும். ரப்பர் பந்தை அழுத்தச் சொல்வது புத்தக வழக்கம். எங்களிடம் பந்து இல்லை. அக்காவை மடியில் கொஞ்சம் மல்லாட்டை கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். கட்டு மாற்றிய பிறகு கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் ஒரு காயை வைத்து உடைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க மல்லாட்டை உரித்த கை அது. ஒரு காய்கூட உடையவில்லை. அன்றைக்குத்தான் அக்கா என் முன்னால் அழுதார். மறுநாளும் மடியில் காயோடு வந்தார்.

கையோடு சேர்ந்து அவருக்கு இன்னொன்றும் தொங்கலில் இருந்தது. போன நுனிக்கும், முழுசாக மடங்காத விரலுக்கும் கம்பெனி நஷ்டஈடு தர வேண்டும். மில்லில் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பதும் கம்பெனி கொடுக்கும் காகிதத்தைப் பார்த்துத்தான்.

கட்டுகள் குறையத் தொடங்கிய சமயத்தில் பில் திரும்பி வந்தது.

திரும்பிய காரணம் இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரும். பில்லைச் சரிபார்க்கும் இன்சூரன்ஸ்காரர் விழுப்புரத்தில் குடியிருந்தவர். அவருடைய மகளுக்குக் காதில் சீழ். விழுப்புரத்தில் எங்கள் டாக்டரிடம்தான் காட்டிக்கொண்டிருந்தார், வெள்ளிக்கிழமைகளில். திண்டிவனத்தில் வெள்ளிக்கிழமை காலை மில் தொழிலாளிக்கு டாக்டர் கட்டுப் போட்டார் என்று எழுதிய பில்லும், அதே காலை விழுப்புரத்தில் அவர் மகள் காதைக் கழுவிய சீட்டும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டன. நேரில் வந்து விசாரிப்பதாக எழுதி அனுப்பியிருந்தார்.

டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"செவ்வாய், வெள்ளி எல்லாத்தையும் எடுத்துடலாம். அந்த நாள்ல பேஷன்ட் வரலைன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு."

"அவங்க வந்தாங்களே டாக்டர்."

"வந்தாங்கன்னு எனக்குத் தெரியாதா? பேப்பர்ல வரலை. அவ்வளவுதான்."

பில்லைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். எல்லோரும் முன்னிலை விதியோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. சிகிச்சைக்கு ஒழுங்காக வராத தொழிலாளிக்கு ஏற்படும் ஊனத்துக்குக் கம்பெனி பொறுப்பாகாது. டாக்டர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"மில்லுல நான் பேசிக்கறேன். நீ உன்னை நினைச்சுப் பாரு. நான் இல்லாதப்போ கட்டைப் பிரிச்சது யாரு? அந்தக் கை சீழ் வச்சிருந்தா யாரு பதில் சொல்றது?"

"சீழ் வைக்கலையே டாக்டர்."

இதைக் குரல் உயர்த்தாமல்தான் சொன்னேன். அவருக்கு அது இன்னும் கோபத்தைத் தந்தது. பிறகு, எனக்குத் தோன்றிய வழியைச் சொன்னேன். நாட்களை அப்படியே எழுதுவோம். அந்த நாட்களுக்குக் கட்டணம் போட வேண்டாம். செய்தவர் என்ற இடத்தில் என் பெயரைப் போடுவோம். கம்பெனி பணத்தைத்தான் கொள்ளாது. அக்கா வந்த நாட்களைக் கொள்ளாமல் இருக்க முடியாது.

"அப்படி ஒரு இடமே பில்லுல கிடையாது" என்றார்.

அது உண்மை. டாக்டர் கையெழுத்துக்கு மட்டும்தான் இடம் இருந்தது.

அவர் பயந்தது ஒரு பில்லுக்கு இல்லை. இந்தச் செவ்வாயும் வெள்ளியும் பொய் என்று ஒப்புக்கொண்டால், அந்த மில்லிலிருந்து அதற்கு முன் வந்த அத்தனை செவ்வாயும் வெள்ளியும் எழுந்து வரும். அதை நானும் புரிந்துகொண்டேன். விசாரணைக்குள் யோசித்துக்கொள், இல்லாவிட்டால் வேறு நர்ஸ் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்தார்.

வீட்டில் மாதம் தவறாமல் வருகிற வரும்படி என் சம்பளம் ஒன்றுதான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அறுப்பு உள்ளபோது வேலை, இல்லாதபோது இல்லை. கருவிகளைக் கொதிக்க வைத்துக்கொண்டே மனசுக்குள் வரிசை போட்டேன். எழுதிக் கொடுத்தால்: வேலை இருக்கும், டாக்டருக்குச் சங்கடம் இல்லை, எனக்கும் பொறுப்பு இல்லை, அக்காவின் விரல் அக்கா தலையில். எழுதாவிட்டால்: வேலை போகும், விரலுக்குப் பணம் வருமா என்பது அப்போதும் தெரியாது. எப்படிப் பார்த்தாலும் முதல் வரிசைதான் நீளமாக, வசதியாக இருந்தது. அதன் கடைசியில் ஒரு பெண்ணின் கை இருந்தது. தண்ணீர் கொதித்து முடிந்ததும் அடுப்பை அணைத்தேன். எழுதிக் கொடுப்பதில்லை என்று இருந்துவிட்டேன்.

கம்பவுண்டர் அண்ணன் வேறு வழியாகப் போனார். என்னிடம், "கொஞ்சம் அனுசரிச்சிக்கினு போனா இன்னா கொறஞ்சுடும்?" என்று கேட்டுப் பார்த்தார். நான் இணங்காததும் அக்காவையே பிடித்தார். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உகந்த நாள். கை குணமாக வேண்டிக்கொண்டு அந்த இரண்டு நாளும் திருவக்கரைக் கோயிலுக்குப் போய்விட்டேன் என்று சொல்லிவிடு, சாமி காரியத்தை யாரும் தட்டிக் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். நன்றாகத்தான் யோசித்திருந்தார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். என்னிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

விசாரணை புதன்கிழமை காலையில். இன்சூரன்ஸ்காரர் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். குடையும் டிபன் டப்பாவும் காகிதக் கட்டும். டாக்டர் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மகள் காது எப்படி இருக்கிறது என்று டாக்டர் கேட்டார். பரவாயில்லை, நன்றாகக் கேட்கிறது என்றார் அவர். கதவு திறந்தே இருந்தது. பெஞ்சில் காத்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்காவை முதலில் கூப்பிட்டார்.

"செவ்வாய், வெள்ளியெல்லாம் வந்தியாம்மா?"

"வந்தேங்க."

வாசலில் நின்றிருந்த கம்பவுண்டர் இருமினார். இன்சூரன்ஸ்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்த நாள்ல நீ திருவக்கரைக்குப் போயிட்டதா நான் வந்ததும் கம்பவுண்டர் சொன்னாரே."

அக்கா வலது கையைத் தூக்கி மேஜைமேல் வைத்தார். தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"போயிருந்தா, எந்தக் கையால கும்புட்டேன்னு எழுதிக்குவீங்க?"

பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சரி, வந்தே. வந்தப்போ கட்டுனது யாரு?"

"அவங்கதான் கட்டுனாங்க."

அவர் குனிந்து எழுதினார். எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் படிப்பது எங்களுக்குப் பழக்கம். மருத்துவரே கட்டியதாகச் சொல்கிறார் என்று எழுதியிருந்தார்.

எங்கள் பேச்சில் அவங்க என்பது மரியாதைக்கு. அதில் ஆணும் ஒன்றுதான், பெண்ணும் ஒன்றுதான். அக்கா தாடையால் என் பக்கம் காட்டித்தான் சொன்னார். ஆனால் எழுதுகிறவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளினிக்கில் 'அவங்க' என்று மரியாதை கொடுத்துச் சொல்லக்கூடியவர் டாக்டர் ஒருவர்தான் என்று அவர் எடுத்துக்கொண்டார். டாக்டரும் திருத்தவில்லை. ஒரு நொடி எல்லோருக்கும் அது நிம்மதியாக இருந்தது. நானும் பேசாமல் இருந்திருந்தால் நல்ல பெண் என்று பெயர் கிடைத்திருக்கும்.

ஆனால் அவருடைய காகிதக் கட்டில் மேலாக இருந்தது மகளின் காதுக்கான சீட்டு. வெள்ளிக்கிழமை, விழுப்புரம், டாக்டர் கையெழுத்து. இரண்டையும் சேர்த்து வைத்தால் அக்கா பொய் சொன்னவராகிவிடுவார். பொய் சொன்னவருக்கு ஒரு விரலுக்கும் பணம் கிடையாது.

"சார், அவங்கன்னு சொன்னது என்னை."

"உன்னைக் கேக்கும்போது நீ சொல்லும்மா."

"இப்பவே கேளுங்க சார். எழுதி முடிச்சப்புறம் கேட்டா எழுதினதை அடிக்கணும்."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார். இன்சூரன்ஸ்காரர் பேனாவை மூடாமல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி. நீதான் கட்டுனே. டாக்டர் முன்னிலையிலதான?"

கேட்ட விதத்திலேயே பதிலையும் வைத்திருந்தார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது கெட்ட எண்ணத்தில் கேட்டது என்று நான் நினைக்கவில்லை. அவருக்கும் மத்தியானம் பஸ் பிடிக்க வேண்டும்.

"இல்ல சார். டாக்டர் படர்க்கை."

வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அந்தச் சொல்தான் வாயில் வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இன்னாது?"

"எதிர்ல இருந்தா முன்னிலை. விழுப்புரத்துல இருந்தா படர்க்கை. கட்டுனது நான், அது தன்மை. உங்க ரூல்ல முன்னிலை ஒண்ணுதான் இருக்கு. மிச்ச ரெண்டையும் நீங்க கேக்கவே இல்ல."

"வாத்தியார் வீட்டுப் பொண்ணா நீ?"

"இல்ல சார். கூலிக்காரங்க வீட்டுப் பொண்ணு."

ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அக்காதான் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயம் அவர் முகத்தில் இருந்தது.

பேசியது டாக்டர். ஜன்னலிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"நான் விழுப்புரத்துலதான் இருந்தேன். திங்கள், வியாழன் காலையில காயத்தைப் பார்த்து என்ன செய்யணும்னு சொல்லிட்டுப் போவேன். மறுநாள் அவங்க கட்டுவாங்க. அந்தக் கை இன்னைக்கு இப்படி இருக்குன்னா பாதி அவங்க செஞ்சது."

நான் அங்கே சேர்ந்ததிலிருந்து அவர் என்னை நர்ஸ் என்பார், அந்தப் பொண்ணு என்பார். அவங்க என்றது அன்றைக்குத்தான். அப்படிச் சொல்வதன் விலை அவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்காரர் பில்லை முன்னும் பின்னும் திருப்பினார். இதை எழுத எங்கும் இடமில்லை என்றார், எங்கள் யாரிடமும் சொல்லாத குரலில். கடைசியில் கையெழுத்துக்குக் கீழே வெறுமையாக இருந்த விளிம்பில் பொடி எழுத்தில் எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். செவ்வாய், வெள்ளி நாட்களில் தொழிலாளி தவறாமல் வந்தார். மருத்துவர் ஊரில் இல்லை. முந்தைய நாள் அவர் சொன்னபடி செவிலியர் கட்டினார். கட்டணம் கொள்ளப்படாது. சிகிச்சை கொள்ளப்படும். அதன் கீழே என் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். விளிம்பில் அது நெருக்கமாகத்தான் இருந்தது.

எழுந்து போகும்போது டாக்டரிடம் தனியாகப் பேசினார். பழைய பில்கள் சிலவற்றை டாக்டர் திரும்பப் பெற வேண்டியிருந்தது என்று பிறகு தெரிந்தது. அக்காவுக்கு நஷ்டஈடு வந்தது. சுண்டுவிரலுக்கு முழுசாக, மோதிர விரலுக்கு அரைகுறையாக. இன்னும் கொஞ்சம் மடங்குகிறது என்பதால் அதைக் குறைத்துவிட்டார்கள். நான் மடக்கிப் பழக்கியதற்குக் கிடைத்த கூலி இது என்று அக்கா என்னைக் கேலி செய்தார். மில்லில் மெஷின் பக்கம் போகாமல், உட்கார்ந்து பருப்புப் பொறுக்குகிற வேலை கொடுத்தார்கள்.

என்னை டாக்டர் வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதற்குப் பதிலாகச் செவ்வாயும் வெள்ளியும் கிளினிக்கைப் பூட்டிவிட்டார். அது எனக்குக் கொடுத்த தண்டனையா அல்லது அவர் பயமா என்று எனக்குத் தெரியாது. ஊர் அதை என் கணக்கில் எழுதியது. கட்டு மாற்ற வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் மறுநாள் என்னிடம்தான் கேட்டார்கள்: உன்னாலதானே? கம்பவுண்டர் அண்ணன், "பேஜாரு புடிச்ச பொண்ணும்மா நீ" என்று தினமும் ஒருமுறையாவது சொன்னார். நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. புண்ணுக்குச் செவ்வாய்க்கிழமை கிடையாது, போய் டாக்டரிடம் சொல்லுங்கள் என்று ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பினேன். வரிசையாக அனுப்பினேன். நீரிழிவுப் புண்காரர், தீக்காயக் குழந்தையின் தாய், ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி போட வேண்டிய ரயில்வே கேட்காரர். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட பெரிய மனிதரும் ஒருநாள் வந்தார். அவரையும் அனுப்பினேன்.

ஒரு திங்கள் சாயந்திரம் டாக்டர் சாவியை என் தட்டில், ஃபோர்செப்ஸ் பக்கத்தில் வைத்தார். நாளைக்கு யார் யாருக்கு என்ன என்று சொல்லிவிட்டேன், அதற்குமேல் தொடாதே என்றார். அதற்குமேல் நான் எப்போதும் தொட்டதில்லை என்றேன். அந்த நாட்களின் சீட்டில் நர்ஸ் கட்டணம் மட்டும் போட வேண்டும், உன் கையெழுத்து, கம்பெனிக்கு அந்தக் கட்டணம் போகாது என்றார். சரி என்றேன். கிளம்பும்போது வாசலில் நின்று, "பலகையை ஒழுங்கா மாத்தி வை" என்றார்.

மறுநாள் காலையில் தையல் பிரிக்கிற பழைய கத்தியால் ஒட்டிப்போன பெயின்ட்டைச் சுரண்டினேன். சட்டம் முனகிக்கொண்டு வலப்பக்கம் போனது. 'இல்லை' என்ற எழுத்து வெயில் படாமல் புத்தம் புதுசாக இருந்தது. கம்பவுண்டர் அண்ணன் அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார்.

விதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நான் இதை எழுதுகிற இன்றும் பில்லில் என் பெயருக்கு இடம் கிடையாது. மில் தொழிலாளிக்கு நான் கட்டிய நாளை, கட்டணம் இல்லாமல், ஒவ்வொரு முறையும் விளிம்பில்தான் எழுதுகிறேன். இடமில்லாததால் எழுதக் கூடாது என்று ஆகிவிடாது.

பலகையை மாற்றிய அன்றைக்கு முதலில் வந்தது அக்கா. கட்டு எதுவும் இல்லை. மில்லுக்குப் போகிற வழியில் விரலைக் காட்டிவிட்டுப் போக வந்திருந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. பின்னால் வந்து நின்ற கேட்காரரிடம் பலகையில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். இல்லை என்று போட்டிருக்கிறது என்றார் அவர்.

"அப்ப அவங்க இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே அக்கா உள்ளே வந்தார். மடியிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் வைத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். காய் உடைகிற சத்தம் கேட்டது.